கரிசல் சீமையின் கணக்குகள் – 17: நூறு டிகிரி வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் கோவில்பட்டிப் பக்கம் எந்தப் பேச்சும் வெயிலில்தான் தொடங்கும். 'பாளையங்கோட்டையில் வெயில் சதம்' என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும். அந்தச் செய்திக்கு மூலமான வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அதில் நூறு என்ற எண்ணே இராது. 38.2 டிகிரி செல்சியஸ் என்பது போல ஏதோ ஒன்று இருக்கும். அதை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டி, 100.8 டிகிரி பாரன்ஹீட் ஆக்கி நம் கையில் கொடுப்பவர் செய்தி அறையில் இருக்கும் ஓர் உதவி ஆசிரியர். நாடு மெட்ரிக் முறைக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பெருக்கலும் கூட்டலும் இன்னும் ஓயவில்லை.

மரக்காலும் கோட்டையும் எப்படிக் கிலோவுக்கு இடம் விட்டன, அணா எப்படி நயா பைசாவில் கரைந்தது என்று சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். வெப்பத்தின் கதை அவற்றோடு ஒத்துப்போகவில்லை. இங்கே பழைய அளவு தோற்றுப் போகாமல் புதியதன் பக்கத்திலேயே குடியிருக்கிறது. ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

வெப்பமானி வருவதற்கு முன்பும் இந்தச் சீமை வெப்பத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. காலத்தால் அளந்தது ஒரு வகை. சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் இருந்து ரோகிணி முதல் பாதம் வரை செல்லும் நாட்களை அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்தது. சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி இரண்டாம் வாரம் வரை ஓடும் அந்த நாட்களில் என்ன செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது சம்சாரிகளுக்குத் தெரியும். வானிலைத் துறை இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஆனாலும் மே மாதம் பிறந்தால் பத்திரிகைகள் இதையும் சேர்த்தே எழுதுகின்றன.

பதத்தால் அளந்தது இன்னொரு வகை. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். அதன் உயிர் வெல்லப்பாகில் இருக்கிறது. கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். இழுபட்டால் இன்னும் காய்ச்ச வேண்டும். 'டக்'கென்று முறிந்தால் கடலையைக் கொட்டலாம். மேல்நாட்டு மிட்டாய் செய்முறை நூல்கள் இந்த இடத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் அல்லது 300 டிகிரி பாரன்ஹீட் என்று குறிக்கின்றன. கிண்ணத்துத் தண்ணீரும் விரலும் சேர்ந்து காட்டும் புள்ளியும் ஏறத்தாழ அதுதான். ஒரு பதத்துக்கும் அடுத்த பதத்துக்கும் சில டிகிரிகளே வித்தியாசம். அதைப் பிடிக்கும் கைக்கு இந்தத் தொடரில் ஓர் இடம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

எண்ணால் அளப்பது ஐரோப்பாவிலிருந்து வந்தது. டான்சிக் நகரில் 1686-ல் பிறந்த டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட் கருவி செய்யும் கைவினைஞர். 1714 வாக்கில் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஒன்றோடொன்று ஒத்துச் சொல்லும் வெப்பமானிகளைச் செய்து காட்டினார். அதற்கு முன்பிருந்த வெப்பமானிகளில் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்லாது. 1724-ல் லண்டன் ராயல் கழகத்துக்கு அவர் எழுதிய கட்டுரையில் மூன்று புள்ளிகளை வைத்தார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர் பூச்சியம். உருகும் பனிக்கட்டி 32. நலமாக உள்ள ஒருவரின் உடல் 96. அவர் 1736-ல் இறந்த பிறகு, தண்ணீர் உறைவது 32, கொதிப்பது 212 என்று இரண்டு புள்ளிகளையும் இறுக்கிக் கட்டினார்கள். இடையில் 180 பாகம். இந்தத் திருத்தத்தில் உடலின் சூடு 96-ல் இருந்து 98-க்கு மேல் நகர்ந்துவிட்டது. உடல் அப்படியேதான் இருந்தது, ஏணியின் படிகள் சற்று நெருங்கின.

பிரான்சில் ரியூமர் 1730-ல் தன் அளவைக் கொண்டுவந்தார். உறைநிலை பூச்சியம், கொதிநிலை 80. சுவீடனின் உப்சாலாவில் வானியல் பேராசிரியராக இருந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-ல் நூறு பாகமாகப் பிரித்தார். அவர் வைத்த வரிசை இன்றைய வாசகரைத் திகைக்க வைக்கும்: தண்ணீர் கொதிப்பது பூச்சியம், உறைவது நூறு. 1744-ல் அவர் இறந்ததும் உப்சாலாவிலேயே அது தலைகீழாகத் திருப்பப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. நெடுங்காலம் 'சென்டிகிரேடு' என்றே அழைக்கப்பட்ட அளவுக்கு அவர் பெயரைச் சூட்டியது 1948-ல் கூடிய உலக எடை அளவு மாநாடு.

தமிழ் மண்ணில் யார் ஆண்டார்களோ அவர்கள் அளவு வந்தது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூன் 4 அன்று மேகம் மறைத்ததால் அதைக் காணாமல் போன லெ ஜாந்தீயின் காலத்தில் பிரெஞ்சு அறிஞர்கள் பயன்படுத்தியது ரியூமர் அளவு. சென்னையில் கும்பெனியார் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே வானிலையும் பதிவாயிற்று. அங்கே நுழைந்தது பாரன்ஹீட். வானாய்வுக் கூடத்தில் இருந்து கலெக்டர் கச்சேரி, கச்சேரியில் இருந்து மருத்துவமனை, மருத்துவமனையில் இருந்து வீடு என்று அது இறங்கிவந்தது. திருநெல்வேலிச் சீமையைப் பற்றிப் படிக்கிறவர்கள் வெள்ளையர் கால ஆவணங்களில் பார்க்கும் வெப்பமெல்லாம் பாரன்ஹீட், மழையெல்லாம் அங்குலம்.

அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று அளவையும் சேர்த்தே படித்தார்கள். செல்சியஸை ஐந்தால் வகுத்தது, பாரன்ஹீட்டில் 32 கழித்து ஒன்பதால் வகுத்தது, ரியூமரை நான்கால் வகுத்தது – மூன்றும் சமம் என்பது வாய்பாடு. நூறு, நூற்றெண்பது, எண்பது என்ற மூன்று ஏணிகளையும் இருபதால் சுருக்கினால் வருவது இந்த ஐந்து, ஒன்பது, நான்கு. ரியூமர் பாடத்தில் இருந்து போய்விட்டது. மற்ற இரண்டும் பரீட்சைக்கு வெளியேயும் தேவைப்படுகின்றன. அதனால் மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி சொல்கிறேன். செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒன்றைக் குறையுங்கள், 32 கூட்டுங்கள். 38-ஐ இரட்டித்தால் 76. பத்தில் ஒன்று 7.6 போக 68.4. முப்பத்திரண்டு சேர்த்தால் 100.4. இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. திரும்பி வருவதற்கு, 32 கழித்துப் பாதியாக்கி, பத்தில் ஒன்றும் நூறில் ஒன்றும் கூட்டிக்கொள்ளுங்கள். 104-ல் 32 போக 72, பாதி 36, அதோடு 3.6, பிறகு 0.36. கிடைப்பது 39.96. சரியான விடை 40. வாழ்க்கைக்கு இந்த நெருக்கம் தாராளம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1901-ல் கோவில்பட்டியில் அரசு வேளாண் பண்ணை தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மானாவாரி ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்று அது. கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து பெருக்கிய வேலை அங்கே நடந்தது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 1970-ல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண்மைத் திட்டத்தின் மையங்களில் கோவில்பட்டியும் ஒன்று. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே, காய்ந்த புழுதியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டுவைக்கும் முறையைக் கணக்கோடு நிலைநிறுத்தியது இந்த நிலையத்தின் பெரிய பங்களிப்பு. விதை அந்த வறண்ட சூட்டில் நாட்கணக்காகக் கிடக்க வேண்டும். அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி காற்று எவ்வளவு சுட்டது என்பதோடு நிற்பதில்லை. மண் எவ்வளவு சுட்டது?

பத்திரிகை சொல்லும் நூறு டிகிரி, வெயிலில் வைத்து அளந்தது இல்லை. வெள்ளையடித்த, சாய்ந்த பலகைச் சட்டங்கள் கொண்ட பெட்டிக்குள், தரையில் இருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், நிழலில் காற்றோட்டமாக இருக்கும் வெப்பமானி காட்டுவது அது. 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனின் தந்தை தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த பெட்டி. அதற்குக் கீழே கிடக்கும் கரிசல் வேறொரு உலகம். கறுத்த மண் வெயிலை விழுங்கும். உழவர் ஒருவர் சித்திரைப் பகலில் காட்டில் வெறுங்காலோடு நிற்க முடியாததற்குக் காரணம் காற்றின் 38 டிகிரி இல்லை.

இதை முறையாக அளந்தவர் பாலக்காட்டில் பிறந்த எல்.ஏ. ராமதாஸ். சர் சி.வி. ராமனிடம் கல்கத்தாவில் பயின்றவர். வானிலைத் துறை 1932-ல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கியபோது அதை நடத்தியவர். இந்தியாவின் பல பகுதி மண்களை ஒரே வெயிலில் வைத்து ஒப்பிட்டார். கோடைப் பகலில் கரிசல் மண்ணின் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டுவதை அந்த ஆய்வுகள் காட்டின. பாரன்ஹீட்டில் அது 140. அதே மண்ணின் மேல் வெள்ளைச் சுண்ணப்பொடியை மெல்லத் தூவினால் சூடு குறைவதையும் காட்டினார். இன்று வேளாண் வானிலை நிலையங்களில் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து, பத்து, இருபது சென்டிமீட்டர் ஆழங்களில் மண்ணின் சூட்டைப் படித்துக் குறிக்கிறார்கள். அந்தப் பதிவில் செல்சியஸ் மட்டும்தான். மண்ணின் காய்ச்சலைப் பாரன்ஹீட்டில் சொல்லும் வழக்கம் நம்மிடம் வளரவே இல்லை.

1956-ல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா. 1958 அக்டோபரில் கிலோ. 1962-க்குள் கடைத்தெரு முழுக்க மெட்ரிக். வானிலைத் துறையும் 1950-களின் இரண்டாம் பாதியில் செல்சியஸுக்கும் மில்லிமீட்டருக்கும் மாறியது. அப்படியானால் பாரன்ஹீட் ஏன் போகவில்லை?

சட்டம் கைவைத்தது விற்பனையில். கோவில்பட்டிச் சந்தையில் பழைய படியும் ராத்தல் கல்லும் பிடிபட்டால் பறிமுதல், அபராதம். முத்திரை குத்திய புதுக் கல் இல்லாமல் தராசு தூக்க முடியாது. சூட்டை யாரும் எடைபோட்டு விற்பதில்லை. எனவே இன்ஸ்பெக்டர் வந்து மாற்றச் சொல்லவில்லை. வீட்டு அலமாரியில் இருந்த காய்ச்சல் கருவி உடையும் வரை இருந்தது. உடைந்தபோது கடையில் கேட்டது பழைய எண் உள்ள கருவியைத்தான். டாக்டரும் அந்த எண்ணைத்தான் கேட்டார். 'நூத்தியொண்ணு இருக்கு' என்று தாய் சொன்னால் அதன் கனம் அவருக்குத் தெரியும். அந்தக் கனத்தை 38.3 என்ற எண்ணுக்குள் வைக்க ஒரு தலைமுறைப் பழக்கம் வேண்டும்.

வெயிலுக்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டுச் சமவெளியின் கோடை, பாரன்ஹீட்டின் நூறைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. கிரிக்கெட்டில் 'சதம்' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்த எண் வசதியாக விழுந்தது. 37.8-ல் தலைப்புப் போட முடியாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸைக்கூட நம் ஊர்க்காரர்கள் 113 என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சலின் எண்ணில் ஒரு மாற்றுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. லைப்சிக் மருத்துவர் வுண்டர்லிக் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குள் சூட்டை அளந்து 1868-ல் நூல் வெளியிட்டார். நலமான உடலுக்கு அவர் சொன்ன நடு எண் 37 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலும் கீழும் இயல்பாகவே ஏறி இறங்கும் என்றும் எழுதினார். அந்த 37-ஐ அப்படியே பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. உருண்டையாகச் சொன்ன ஓர் எண், பெருக்கலில் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கத்தைப் பெற்று, பத்தில் ஒரு டிகிரி வரை கண்டுபிடித்துச் சொன்னது போலத் தோற்றம் கொண்டுவிட்டது. பிரிட்டிஷ் மரபில் அம்புக்குறி 98.4-ல் நின்றது. நம் பழைய கண்ணாடிக் கருவிகளில் நாம் பார்த்ததும் அந்த அம்புக்குறியே. 1992-ல் மேரிலாந்து மருத்துவர்கள் நலமானவர்களை மீண்டும் அளந்தபோது சராசரி 98.2 என்று வந்தது. 98.6-ஐ ஒரு கோடாக எண்ணி, 98.8 வந்தாலே பதறும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றத்துக்குத் தேவையே இல்லை. காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே ஒரு டிகிரி பாரன்ஹீட் அளவுக்கு உடல் ஏறி இறங்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாதரசம் நஞ்சு என்பதால் கண்ணாடிக் கருவிகள் உலகெங்கும் விலக்கப்படுகின்றன. கொடைக்கானலில் 1980-களில் தொடங்கி ஏற்றுமதிக்காக வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டதும், அதன் பாதரசம் அந்த மலையில் விட்டுச்சென்ற வேதனையும் தமிழ்நாடு அறிந்தவை. இப்போது வீடுகளில் இருப்பது மின்னணுக் கருவி. பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் அளவு மாறிவிடும். பிள்ளை கைபட்டு மாறி, திரையில் 39.0 என்று வந்தால், நூறைக் கடந்தால்தான் காய்ச்சல் என்று பழகிய பாட்டி 'ஒண்ணுமில்ல' என்று வைத்துவிடக்கூடும். அது 102.2. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்க்கச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். 37-ஐ ஒட்டியிருந்தால் நலம், 38 என்றால் காய்ச்சல், 39 என்றால் கடுமை, 40 என்றால் உடனே மருத்துவமனை – செல்சியஸுக்கு இந்த நான்கு எண் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு அளவும் பக்கத்துப் பக்கத்திலேயே வாழ்கின்றன. தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பதிவேடு. மருந்துச் சீட்டில் நோயாளியின் சூடு பாரன்ஹீட்.

அளவு மாற்றுவதில் நம் பத்திரிகைகளிலேயே அவ்வப்போது நேரும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். 'இயல்பை விட 4 டிகிரி செல்சியஸ் அதிகம்' என்பதை 'இயல்பை விட 39.2 டிகிரி பாரன்ஹீட் அதிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். நான்கை 1.8-ஆல் பெருக்கினால் 7.2. அங்கேயே நிறுத்த வேண்டும். 32 கூட்டக் கூடாது. ஓர் இடத்தின் சூட்டை மாற்றும்போதுதான் 32 வரும், ஏனென்றால் இரண்டு ஏணிகளும் வெவ்வேறு தரையில் நிற்கின்றன. இரண்டு சூடுகளின் வித்தியாசத்தை மாற்றும்போது தரை கழிந்து போய்விடுகிறது, படியின் உயரம் மட்டுமே மிச்சம்.

இந்த வித்தியாசக் கணக்கில் உயிர்கள் இருக்கின்றன. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876-ல் ஓடத் தொடங்கிய ரயில்பாதை கோவில்பட்டி வழியாகக் கரிசலைக் கடக்கிறது. இன்று பற்றவைத்த நீளத் தண்டவாளங்கள். இறுக்கமோ இழுப்போ இல்லாத ஒரு வெப்பநிலையில் அவற்றைப் பொருத்துகிறார்கள். வெயிலில் தண்டவாளத்தின் சூடு அதைவிட 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறினால், வளைந்திருக்கிறதா என்று பார்க்கக் கோடைக் காவல் நடையைத் தொடங்க வேண்டும் என்பது ரயில்வே விதி. அந்த இருபது, பாரன்ஹீட்டில் 36. 32-ஐயும் கூட்டி 68 என்று எழுதினால் தண்டவாளம் வளைந்த பிறகுதான் ஆள் கிளம்புவார்.

வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்வதற்கும் இதே கணக்குத் தெரிய வேண்டும். சமவெளியில் அதிகபட்சம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும், அதோடு இயல்பைக் காட்டிலும் 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். பாரன்ஹீட்டில் 104-ம், 8.1 கூடுதலும். எனவே 'சதம்' அடித்த நாளெல்லாம் வெப்ப அலை நாள் இல்லை. கோடை உழவில் நிற்பவருக்கும், காட்டில் கூலி வேலை செய்யும் பெண்களுக்கும் எந்த நாளில் வேலையை நிறுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டிய செய்தி, ஆண்டுதோறும் நாற்பது நாள் வரும் சதத்தில் அமிழ்ந்துவிடக் கூடாது. பத்திரிகைகள் இரண்டு எண்ணையும் போடட்டும். 104-ஐத் தொட்ட அன்று எழுத்தின் அளவையும் கூட்டட்டும்.

சட்டப்படி பார்த்தால் இரண்டுமே மூல அளவு இல்லை. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் வெப்பநிலைக்கு வைத்திருக்கும் மூல அலகு கெல்வின். செல்சியஸோடு 273.15 கூட்டினால் கெல்வின். நம் சித்திரை வெயில் அதில் 311. இயற்பியல் ஆய்வகத்துக்கு வெளியே அதற்குக் கோவில்பட்டியில் வேலை இல்லை.

பழைய பதிவேடுகளுக்கு மட்டும் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. ஒரு நூற்றாண்டில் கரிசல் எவ்வளவு சூடேறியது என்று கேட்பவர்கள் பாரன்ஹீட் காலத்துத் தாள்களையும் செல்சியஸ் காலத்துத் தாள்களையும் ஒட்டவைக்க வேண்டும். சராசரியை மாற்றினாலும் ஒவ்வொரு நாளையும் மாற்றிச் சராசரி எடுத்தாலும் விடை ஒன்றே, அதில் பயமில்லை. முழு எண்ணாக்குவதில்தான் சிக்கல். 100, 101, 102 என்று முழு எண்ணில் எழுதியவற்றை மாற்றினால் 37.8, 38.3, 38.9 என்று வரும். 38.0-ம் 38.5-ம் அந்த வரிசையில் விழவே விழாது. மாற்றிய எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிட்டால், பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் அந்த இடைவெளிகளை வானிலையின் குணம் என்றே எடுத்துக்கொள்வார். தேடுகிற மாற்றமே ஒரு டிகிரி அளவு என்னும்போது அரை டிகிரியின் மயக்கம் சிறிய விஷயமில்லை. பழைய தாள்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் பாரன்ஹீட் எண்ணுக்கு ஒரு பத்தி, செல்சியஸுக்கு இன்னொரு பத்தி, எந்த நாளில் கருவி மாறியது என்பதற்கு மூன்றாவது பத்தி என்று மூன்றையும் வைக்க வேண்டும்.

இதே தாள்களின் மழைப் பக்கத்தில் அங்குலமும் சென்ட்டும் இருக்கின்றன. சம்சாரிகளின் வாயிலோ ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை. அவற்றை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)